தூண்டில் பிடித்த கை



சென்ற ஆண்டு மே மாதம், மகளின் குடும்பத்தைக் காண ஜப்பான் நாட்டுக்குச் சென்று ஆறு வாரம் தங்கி வந்தேன். அந்நாட்டுக்குச் சென்று திரும்புவோர் அதன் அதிவேக இரயிலைப் பற்றியும் வானளாவிய கட்டடங்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நானோ ஒரு தூண்டிலைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் பதினொரு வயதுப் பேரன் கேட்ட ஒரு கேள்வி. அக்கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை.

மருமகன் பணியாற்றுவது டோக்கியோ மாநகரின் மேற்குப் பகுதியில். அவர்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் டாமா ஆறு. இரயிலில் ஏறி மேற்கே செல்லச் செல்ல வீடுகள் குறைந்து மலைகள் நெருங்கி வருகின்றன. ஒக்குடாமா என்னும் மலையூரோடு இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு ஞாயிறு, பூசை கண்டு வந்தபின், பேரனும் நானும் சென்றோம். எங்களை அழைத்துச் சென்றவர் மருமகனின் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என் வயதை ஒத்தவர். அவருக்குத் தமிழும் எனக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது. இருவருக்கும் இடையே பேரன்தான் மொழிபெயர்ப்பாளன்.

ஒக்குடாமாவின் ஓடைகளில் யமமே, இவானா என்னும் இரு வகை மீன்கள் வாழ்கின்றன. இவை டிரவுட் மீனுக்கு நெருங்கிய உறவினர். குளிர்ந்த, தெளிந்த, ஓயாது ஓடுகின்ற நீர் இல்லையேல் இவை உயிர் வாழா. டிரவுட் நமக்கும் முற்றிலும் புதியதன்று. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச். சி. வில்சன் என்பாரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து, வானவில் டிரவுட் நம் மலையோடைகளில் நிலைகொண்டது. உருளை பூட்டிய நீண்ட கோலும், உயர்ந்த காலணியும், புகைக்குழாயுமாகத் துரைமார்கள் நிற்கும் பழைய படங்களை உதகையில் கண்டிருக்கிறேன். ஆதலால் டிரவுட் பிடிப்பது துரைமார் விளையாட்டு என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

ஒக்குடாமாவில் இறங்கியதும் பெரியவர் முதலில் ஒரு கடைக்குள் நுழைந்து, ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு வாங்கினார். அவ்வோடைகளைக் காப்பது அவ்வூர் மீனவர் கூட்டுறவுச் சங்கம். சீட்டுப் பணத்தைக் கொண்டு சங்கம் மீன் குஞ்சுகளை விடுகிறது, ஓடையைக் கண்காணிக்கிறது. இலையுதிர் காலத்தில் மீன்கள் முட்டையிடும் பருவம் தொடங்கி, இளவேனில் வரை எவரும் தூண்டில் போடக் கூடாது. சிறிய மீன் சிக்கினால் நீரிலேயே விட்டுவிட வேண்டும். சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டபோது கப்பர்நாகூமில் நடந்தது நினைவுக்கு வந்தது. வரி கட்டுவதற்காகத் தூண்டில் போட்டார் புனித இராயப்பர். நானோ தூண்டில் போடுவதற்காக வரி கட்டினேன்!

பெரியவர் பையிலிருந்து எடுத்த கோலைக் கண்டதும் வியப்படைந்தேன். அதில் உருளை இல்லை. சக்கரம், கைப்பிடிப் பூட்டு என்று எதுவும் இல்லை. ஒன்றினுள் ஒன்றாய் மடங்கும் மெல்லிய கோல். இழுத்து நீட்டினால் பன்னிரண்டு அடி. அதன் நுனியில் ஏறக்குறைய அதே நீளமுள்ள நரம்பு. நரம்பின் கோடியில் முள். அவ்வளவுதான்! இம்முறைக்கு டென்காரா என்று பெயர். அச்சொல்லின் பொருள் திட்டமாகத் தெரியவில்லை. "வானத்திலிருந்து" என்று பொருள் கொள்வாரும் உண்டு. மலைவாழ் மக்கள் மூங்கில் கோலும் குதிரைமயிர்க் கயிறும் கொண்டு மீன் பிடித்து, மலை விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்த முறை இது. 2009ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும் பரவத் தொடங்கியிருக்கிறதாம்.

"இது எங்கள் ஊர்த் தூண்டில் அல்லவா!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சென்னிமலைக்குத் தெற்கே நொய்யலாற்றங்கரையில் பிறந்தவன் நான். அறுபது ஆண்டுகளுக்கு முன் மூங்கில் கழியும் நரம்பும் சோளத்தட்டைத் தக்கையும் மண்புழுவுமாக, கொடுமணல் பக்கத்து மடுவுகளில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துத் திரிந்தவன். சங்க காலத்தில் கல்மணிகளும் இரும்பும் செய்து உலகுக்கு விற்ற ஊர் அது என்பது அக்காலத்தில் எனக்குத் தெரியாது. மீன் கிடைக்கும் ஊர் என்பது மட்டுமே தெரியும். பெரியவர் சிரித்தார். "கோல் ஒன்றுதான். பிடிக்கும் கை வேறு" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. டென்காராவில் புழு கிடையாது, தக்கையும் கிடையாது. முள்ளின்மேல் நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகை அதில் கட்டி, ஒரு பொய்ப்பூச்சி செய்கிறார்கள். இறகு முன்புறம் நோக்கிச் சாய்ந்திருப்பதால், கோலைச் சற்றே அசைத்தாலும் நீருக்குள் அது விரிந்து சுருங்கி, உயிருள்ள பூச்சி போலத் துடிக்கிறது. பாறைமேல் அமர்ந்து ஒன்றைக் கட்டிக் காட்டினார் பெரியவர். நூலை வாங்கி நானும் கட்டினேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளையாய்ப் பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதிலேயே தார் சுற்றப் பழகிய விரல்கள் இவை. நூல் நெகிழாமல், புரளாமல் வரிசையாய் அமர்ந்தது. பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேரனிடம் ஏதோ கூறினார். "அப்புச்சி, உங்களுக்கு இது முன்னாலேயே தெரியுமான்னு கேக்கறாருங்க" என்றான் பேரன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பெருமை ஓடையில் இறங்கும் வரைதான் நீடித்தது. மீன் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கி நிற்கும். ஆகவே நாம் கீழிருந்து, அதன் முதுகுப்புறமாக, ஓசையின்றி ஏற வேண்டும். பாறைக்குப் பின்னால் நீர் அமைதியாய்ச் சுழலும் இடமே அதன் இருப்பிடம். அவ்விடத்தில் பொய்ப்பூச்சி மட்டும் நீரில் பட வேண்டும். நரம்பு நீரில் படிந்தால் ஓட்டம் அதை இழுத்துச் செல்லும், மீன் ஐயுறும். நான் வீசிய நரம்பு முதலில் மரக்கிளையில் சிக்கியது. பிறகு என் தொப்பியில் சிக்கியது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. நம் ஊரில் தூண்டில் போடுபவனுக்கு முதற்பாடம் பொறுமை. தக்கை ஒருமுறை ஆடினால் இழுக்கக் கூடாது. இருமுறை ஆடினாலும் கூடாது. முழுதும் மூழ்கிய பிறகே இழுக்க வேண்டும். புழுவை மீன் விழுங்கக் காலம் தரவேண்டுமல்லவா? பொய்ப்பூச்சியின் கதை வேறு. வாயில் பட்ட நொடியே அது பொய் என்று மீனுக்குத் தெரிந்துவிடும். உடனே துப்பிவிடும். நீருக்குள் ஒரு மினுக்கம் தெரிந்தால், நரம்பு ஒரு கணம் நின்றால், அப்போதே கையை உயர்த்த வேண்டும். மூன்று முறை மீன் வந்தது. மூன்று முறையும் பழைய பழக்கத்தால் காத்திருந்தேன், இழந்தேன். வாழ்நாளெல்லாம் நற்பண்பு என்று கருதிய பொறுமை அன்று வெறும் தாமதமாகிவிட்டது.

நண்பகலுக்குப் பின், நாலாவது முறை, எண்ணிப் பார்க்குமுன் கை தானே உயர்ந்தது. கோல் வளைந்து துடித்தது. ஒரு சாண் நீளமுள்ள யமமே. பக்கவாட்டில் கருநீல முட்டை வடிவப் புள்ளிகள் வரிசையாய் அமைந்திருந்தன. கைகளை நனைத்துக்கொண்டு பிடிக்கும்படி பெரியவர் சைகை காட்டினார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேற்பூச்சு கெட்டுவிடுமாம். முள்ளைக் கழற்றி நீரில் தாழ்த்தினேன். விரலிடுக்கில் ஒரு கணம் நின்று, பிறகு ஓடி மறைந்தது.

அப்போதுதான் பேரன் கேட்டான்: "அப்புச்சி, அடுத்த லீவுக்கு ஊருக்கு வந்தா, உங்க ஆத்துல நாம ரெண்டு பேரும் இப்படிப் பிடிக்கலாமுங்களா?"

நான் தூண்டில் நரம்பைச் சுருட்டுவதில் முனைந்தவன் போல் குனிந்துகொண்டேன்.

வாசகர்களுக்கு நொய்யலின் கதை தெரிந்ததே. வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர வளர, சாயக்கழிவு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாய நீர் தேங்கும் குட்டையாயிற்று. மழைக்கு ஏங்கும் நம் பகுதியில், அணை நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே மன்றாடிய கொடுமையை நம் தலைமுறை கண்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிலை அதன்பின் ஏற்பட்டது.

இதை ஒக்குடாமாவில் எப்படிச் சொல்வது? அதைவிடச் சொல்லக் கூசியது இன்னொன்று. முப்பது ஆண்டுகள் போர்வை விற்றுப் பிழைத்தவன் நான். போர்வையின் சிவப்பும் பச்சையும் நூலில் ஏறிய பிறகு, மிச்சச் சாயம் எந்த நீரில் போயிற்று என்று ஒருநாளும் கேட்டவனல்லன். திருப்பூரைக் குறை கூற என் நாக்கு எப்போதும் முன்நின்றது. என் கடை அலமாரியின் பக்கம் அது திரும்பியதே இல்லை.

என் மௌனத்தின் காரணத்தைப் பெரியவர் கேட்டார். பேரன் மூலமாகத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம் ஆற்றின் கதையைச் சொன்னார். டாமா ஆறு 138 கிலோமீட்டர் ஓடி டோக்கியோ குடாவில் கலக்கிறது. மலையில் தெளிவாக ஓடிய அது, 1960களில் நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையாக மாறியது. அணைக்கட்டுகளில் சோப்பு நுரை மலைபோல் எழுந்து, காற்றில் பறந்து தெருக்களில் விழுந்தது. 1970இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடிநீர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு வீடுதோறும் கழிவுநீர்க் குழாய் இணைத்தார்கள், சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். பல ஆண்டுகள் பிடித்தன. ஒருநாள் ஆயு என்னும் சிறுமீன் கடலிலிருந்து மீண்டும் ஆற்றில் ஏறி வந்தது. இன்று இலட்சக்கணக்கில் ஏறுகின்றது. "மீனை யாரும் அழைத்து வரவில்லை. நீர் நன்றானது, அது தானே வந்தது" என்றார்.

ஊர் திரும்பும் நாளில் அக்கோலை எனக்கே பரிசாகத் தந்துவிட்டார் அப்பெரியவர். இப்போது அது என் வீட்டுச் சுவரில், பழைய தறி நாடாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைக் காணுந்தோறும் ஓர் எண்ணம் எழுகின்றது. கூட்டுறவு என்பது சென்னிமலைக்கு எவரும் கற்றுத்தர வேண்டிய பாடமன்று. நூல் வாங்கவும் போர்வை விற்கவும் நெசவாளர் சங்கம் கண்ட ஊர் இது. நூலுக்காக ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு ஆற்றுக்காக ஒன்றுகூடத் தோன்றாமற்போனது ஏன்? எங்கள் தலைமுறை நொய்யலின் கரையில் தக்கை மூழ்கட்டும், மூழ்கட்டும் என்று காத்திருந்தது. கையை உயர்த்த வேண்டிய கணத்தில் உயர்த்தவில்லை.

சென்ற வாரம் பேரன் தொலைபேசியில் அழைத்து, டிசம்பர் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆற்றுக்குப் போகலாமா என்று மறுபடியும் கேட்டான். இம்முறை விடை சொன்னேன். "வா, கண்ணு. முதலில் வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குப் போய் ஆறு புறப்படும் இடத்தைப் பார்ப்போம். அங்கே நீர் கண்ணாடி போல் இருக்கும். அப்புறம் ஒரத்துப்பாளையத்தையும் பார்ப்போம். நடுவில் என்ன நடந்தது என்று முழுவதும் சொல்கிறேன். அப்புச்சி என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன்."

"தூண்டிலை எடுத்துக்கலாமுங்களா?" என்றான்.

எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். சேவல் இறகும் நூலும் வாங்கி வைத்துவிட்டேன். பொய்ப்பூச்சி கட்ட அவனுக்குக் கற்றுத்தர வேண்டும்.