வளவைக் கேட்டுக் கட்டிய வீடு

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு முதன்முறையாக வரும் வெளியூர் அன்பர்கள் கருவறையின் முன் நின்று சற்றே திகைப்பதுண்டு. மூலத்தானத்தை மறைத்துத் திரை தொங்குகிறது. கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு திரைக்குள் நுழைகிறார். மந்திர ஒலி எதுவும் கேட்பதில்லை. பூசை மௌனமாகவே நடந்து முடிகிறது. கண்ணாரக் காண வந்தவருக்குத் திரையே காட்சி. கதிர்காமத்திலும் இதுவே வழக்கமாதலால், எமதூரைச் 'சின்னக் கதிர்காமம்' என்று அழைப்பது வெறும் உபசார வார்த்தையன்று. அக்கதிர்காமத்துக்கு நாடெங்குமிருந்து அடியார்கள் நடந்து வருகிறார்கள். ஆயினும் அங்கே முருகன் உறையும் இடம் உயர்ந்த கோபுரம் ஏதுமற்ற ஒரு சிறு கட்டடமே. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால், மறைபொருளை மறைபொருளாகவே வைத்து வணங்க வேண்டுமென்று கருதிய மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறென்ன இருக்க முடியும்?

இவ்வாரம் விசித்திரமான கட்டடங்களைப் பற்றி எழுத முனைந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சற்றுப் பின்னர் கூறுவோம்.

விசித்திரம் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. பிறர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக வலிந்து ஒட்டிய விசித்திரம் ஒன்று. இடமும் தேவையும் சேர்ந்து தாமாகவே பிறப்பித்த விசித்திரம் மற்றொன்று. எமது படுவான்கரை வயல்களில் யானைக் காவலுக்காக மரக்கிளைகளின் நடுவே கட்டப்படும் பரணைப் பாருங்கள். அதற்குச் சதுரமும் இல்லை, செங்கோணமும் இல்லை. கிளை எப்படி வளைகிறதோ அப்படித் தளம். காற்று எங்கிருந்து அடிக்கிறதோ அங்கே கிடுகு. யானை எட்டாத உயரத்தில் படுக்கை. வரைபடம் கேட்டால் கட்டியவர் சிரிப்பார். அந்த மரத்தையே அவர் வரைபடமாக வாசித்துவிட்டார் அன்றோ!

இந்த வாசிப்பையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஒருவர் எமது நாட்டில் இருந்தார். 1919ஆம் ஆண்டு பிறந்து 2003ஆம் ஆண்டு மறைந்த ஜெஃப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞரைப் பற்றியே கூறுகிறோம். மாணவர்கள் இவரது வரலாற்றில் முதலிற் கவனிக்க வேண்டியது, இவர் இத்தொழிலுக்குத் தாமதமாக வந்தவர் என்பதை. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்பு சட்டம் பயின்று சட்டத்தரணியுமானார். அத்தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1948ஆம் ஆண்டு பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்க என்னும் பழைய தோட்டமொன்றை வாங்கி, அதனைத் திருத்தி அமைக்க முற்பட்டபோதே தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதாதென உணர்ந்தார். மறுபடியும் மாணவராகி இலண்டனிற் கற்று, கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957ஆம் ஆண்டு. அப்போது வயது முப்பத்தெட்டு. இருபது வயதுக்குள் பிள்ளையின் தலைவிதி முடிந்துவிட்டது என்று அடித்துப் பேசும் பெற்றோர் இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வடமேல் மாகாணத்திற் பொலொன்தலாவ என்ற தோட்டத்தில், ஒரு கம்பனிக்காகப் பாவாவும் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னரும் 1960களின் நடுப்பகுதியில் ஒரு பங்களா கட்டினர். அந்த நிலத்திற் பெரும் பாறைகள் சிதறிக் கிடந்தன. வேறு எவரும் வெடி வைத்துத் தகர்த்திருப்பர். அல்லது சமதரை தேடி அப்பாற் போயிருப்பர். இவர்களோ பாறைகளுக்கு நடுவிலேயே வீட்டை அமைத்தார்கள். கயிறும் தடியும் கொண்டு அந்த இடத்திலேயே அளந்து குறித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பாறை சுவராகிறது, பாறையே கூரையைத் தாங்குகிறது. எமது பரண் கட்டும் விவசாயி அதைப் பார்த்தால் ஆச்சரியப்படமாட்டார்.

தம்புள்ளைக்கு அருகே 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டல் இன்னும் வேடிக்கையானது. அதனைக் கட்டுவோர் முதலில் எண்ணியிருந்த இடம் சிகிரியாக் குன்றின் அடிவாரம். பாவா அதனை ஏற்கவில்லை. தொலைவிலிருந்து சிகிரியாவைக் காணத்தக்க வேறோர் இடத்தை, கண்டலமக் குளக்கரையில், அவரே தெரிந்தெடுத்தார். மலைச்சரிவை அணைத்தபடி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு அக்கட்டடம் செல்கிறது. கூரையிலும் முகப்பிலும் கொடியும் செடியும் படர்ந்து, தூரத்திலிருந்து நோக்குவோருக்குக் காடா கட்டடமா என்று ஐயம் எழும். இவ்வளவு பெருஞ்செலவில் ஒரு கட்டடத்தை எழுப்பி, அதைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்வதா என்று கேட்கலாம். திரைக்கு முன் நின்று கும்பிடும் எமதூராருக்கு அக்கேள்வி எழாது.

பாவா தனியாளாக இவற்றைச் செய்துவிடவில்லை. 1967ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் அவருடைய தொழிற் பங்காளியாக இருந்தவர் கலாநிதி பூலோகசுந்தரம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர். கற்பனை காகிதத்தில் நிற்பதும், மண்ணில் விழாமல் நிற்பதும் வெவ்வேறு சங்கதிகள். பின்னதற்குக் கணக்கு வேண்டும். கண்டலமப் படிக்கட்டின் மேலிருந்து சிறகு விரித்து வெருட்டும் ஆந்தை லக்கி சேனநாயக்கவின் கைவண்ணம். பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையை அலங்கரித்த பத்திக் துணிகள் ஈனா டி சில்வாவினுடையவை. ஓவியரும் துணியோவியரும் பொறியியலாளரும் ஒரே பணியில் இணைந்து வேலை செய்த அந்த அலுவலகத்தின் வரைபடங்களில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை வெறும் வட்டமாகப் போட்டுவிடாமல், இன்ன மரம் என்று அடையாளம் காணத்தக்கவாறு இலையும் கிளையுமாக வரைவார்கள். மரத்தை அவ்வளவு பொறுமையாக வரைந்தவனுக்கு அதை வெட்டக் கை வராது போலும்.

"இதெல்லாம் செல்வந்தருக்கும் ஹோட்டல்காரருக்கும் சரி, நமக்கு என்ன?" என்று வாசகர் கேட்பது எம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பாவாவின் புகழ்பெற்ற கட்டடங்களிற் பல வசதி படைத்தோருக்காக எழுந்தவையே. விடையைத் திருவனந்தபுரத்திலே தேடலாம். இங்கிலாந்தில் 1917ஆம் ஆண்டு பிறந்து, இந்தியக் குடிமகனாகவே 2007ஆம் ஆண்டு மறைந்த லாரி பேக்கர், ஏழைக்கு வீடு கட்டுவதையே தம் கலையாகக் கொண்டவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ஏறத்தாழக் காற்பங்கு கல் மிச்சம். இடையிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். வேண்டாத இடத்திற் சாந்து பூசாதீர்கள் என்பார். தம்பானூரில் அவர் அமைத்த இந்தியன் காப்பி ஹவுஸ், வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரு செங்கற் கோபுரம். சரிவான பாதையின் ஓரத்திலேயே மேசைகள். பார்ப்பதற்கு விளையாட்டுப் போலிருக்கும். ஆனால் ஒடுங்கிய நிலத்தில் அத்தனை பேரை அமரவைக்க அது ஒரு வழி. எமது பகுதியிற் சீமெந்துக் கல்லே பெருவழக்காதலால் பேக்கரின் சுவரை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அவரது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: இது இங்கே எதற்காக?

இனி, முன்னே சொன்ன காரணத்துக்கு வருவோம்.

மட்டக்களப்புப் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்பதற்காகவே தகப்பன்மார் எத்தனை போகம் வயலில் நின்று உழைக்கிறார்கள், எவ்வளவு கடன்படுகிறார்கள் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. எமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இப்போது அத்தகைய வீடொன்றுக்கு அத்திவாரம் போட ஆயத்தமாகிறார். கொழும்புப் புறநகரில் உறவினர் கட்டிய வீட்டின் படத்தை அப்படியே பிரதி செய்துகொண்டு வந்தார். அதில் விறாந்தை இல்லை. மேற்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி யன்னல் இருக்கிறது. வளவின் நடுவே நிற்கும் வேம்பு அப்படத்துக்கு இடையூறு. வெட்டுவதற்கு ஆளும் பேசியாயிற்று.

அவருடைய மகள் உயர்தர வகுப்பு மாணவி. அந்த வீடு நாளை அவளுக்கே. கணிதத்தில் கெட்டிக்காரி, பொறியியலாளராக வர வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அவளோ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பிரிவுக்கான உளச்சார்புப் பரீட்சை எழுத விரும்புகிறாள். தகப்பனிடம் வாதாடிப் பயனில்லை எனக் கண்டு, கொப்பித் தாளிலே வீட்டை மறுபடியும் வரைந்தாள். கொழும்பு வரைபடத்தின் அறைகள் யாவும் அதில் இருக்கின்றன. வீடு மட்டும் வேம்பைச் சுற்றி ஓரிடத்தில் மடிகிறது, அம்மடிப்பில் விறாந்தை. மேற்கு யன்னல் சிறுத்துவிட்டது.

"என்ன மாஸ்டர், ஒரு வேம்புக்காக வீட்டையே கோணலாக்கச் சொல்லுறாளே! ஊர் சிரிக்காதா?" என்று எம்மிடம் முறையிட்டார் அவர்.

பக்கத்தில் நின்ற மேசன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பின்பு, "கோணல் இல்லை அண்ணன், மூலை ரெண்டு கூடுது, அவ்வளவுதான். வேர் சுவருக்குள்ள வராம நாலு அடி தள்ளி அத்திவாரம் போடோணும். மேற்கால கண்ணாடி குறையிறதால அந்தக் காசு இதுக்குக் காணும்" என்றார்.

தகப்பன் மறுமொழி கூறவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மரம் வெட்ட வரவிருந்தவரை அடுத்த கிழமை வரட்டுமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்புவது பற்றி வீட்டிலே பேச்சு இன்னும் முடியவில்லை.