கீழ்ப் படுக்கை யாருடைய உரிமை?



தென்மாவட்டங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்னைக்குப் போக வேண்டிய தேவை எழாத குடும்பத்தைக் காண்பது அரிது. பெற்றோரின் மருத்துவம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, வளைகுடாவுக்குப் புறப்படும் மகனை வழியனுப்புதல், உம்ராப் பயணம், உறவினர் வீட்டு நிக்காஹ் எனக் காரணங்கள் பல. வழி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: மாலையில் ஏறி விடியலில் இறங்கும் இரவு ரயில். செங்கோட்டையிலிருந்து தென்காசி, கடையநல்லூர் வழியாக வரும் பொதிகை, திருநெல்வேலியிலிருந்து நெல்லை, தூத்துக்குடியிலிருந்து முத்துநகர், மதுரையிலிருந்து பாண்டியன் என்று இந்த வண்டிகளின் பெயர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஓர் இரவை எப்படிக் கழிப்பது என்பதை மட்டும் நாம் இன்னும் சரியாகக் கற்கவில்லை. அப்படிச் சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எழுபது வயதைக் கடந்த உம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. நாள் குறித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். இறுதியில் புறப்படுவதற்கு முந்தைய நாள் தட்கலில் முட்டி மோதி நான்கு படுக்கைகள் வாங்கினோம். நான்கும் நடுவிலும் மேலுமாக அமைந்தன. உம்மாவுக்கோ முழங்கால் வலி; ஏணிப்படியில் கால் வைக்கவே இயலாது. கீழ்ப் படுக்கையில் இருந்த நடுத்தர வயதுக்காரரிடம் மாற்றித் தரும்படி கேட்டோம். அவர் மிகவும் பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிட்டார். பெரியவர்கள்மீது இரக்கமில்லாத காலம் வந்துவிட்டதென்று அவர் காதில் விழும்படியே நாங்கள் பேசிக்கொண்டோம். படுப்பதற்கு முன் அவர் சட்டைக்குள்ளிருந்து இடுப்புப் பட்டையைத் தளர்த்தியதை முதலில் கண்டவர் உம்மாதான். “அவரும் நோவாளிதான் வாப்பா. விட்டுருங்க” என்றார்.

அன்றிரவு உம்மா இரு படுக்கைகளுக்கும் இடையே தரையில் விரிப்பை விரித்துப் படுத்தார். கழிப்பறைக்குச் செல்வோரின் காலடிகள் விடியும்வரை அவர் தலைமாட்டைக் கடந்துகொண்டே இருந்தன. சுபுஹுக்கு எழுந்தபோது அவரால் நிமிர முடியவில்லை. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதென்று அறுவைச் சிகிச்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அந்த இரவுதான் அதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல எங்களால் இயலாது. அதற்குத் தொடர்பே இல்லை என்று சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்று நாங்கள் தெளிந்து கொண்டது இதுதான். திட்டமிடாத குடும்பம் தன் அலட்சியத்தின் விலையைத் தானே கொடுப்பதில்லை. ஒன்று, வீட்டிலேயே பலவீனமானவர்மீது அதை ஏற்றிவிடுகிறது; இல்லையேல், அந்நியர் ஒருவரின் ஹக்கில் கை வைக்கிறது. அந்த மனிதர் முன்கூட்டியே பதிவு செய்து பெற்ற படுக்கை அவருடைய உரிமை. எங்கள் உம்மாவின் முழங்கால் வலிக்கு அவர் கடன்பட்டவர் அல்லர். பெற்ற பிள்ளைகளாகிய நாங்களே கடன்பட்டவர்கள். கொடுத்திருந்தால் அது அவருடைய தயாளம். கொடுக்காததால் அவர் குற்றவாளி ஆகிவிடவில்லை.

அறுபது நாள் எதற்கு?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பதை மதரஸாவில் சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். ரயில் பயணத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது என்பது முன்பதிவுதான். 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பு முன்பதிவு திறக்கிறது. முன்பு அது 120 நாள்களாக இருந்தது. காலை 8 மணிக்குத் திறக்கும் அந்த முதல் நாளில், ஆதார் இணைத்த கணக்கு உடையவர்களுக்கே முன்னுரிமை. ஆகவே வீட்டில் ஒருவரேனும் தம் கணக்கை முன்னரே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். நிக்காஹ் நாளும் மருத்துவமனை நாளும் நமக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்தவைதாம். பத்திரிகை அச்சிடவும் பிரியாணிக்குச் சொல்லவும் மாதக் கணக்கில் முன்கூட்டி ஓடும் நாம், பயணச்சீட்டை மட்டும் ஏன் கடைசி நாளுக்கு விடுகிறோம்?

ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியிலும் ஒரு பகுதிக்கு 8 படுக்கைகள். அவற்றுள் பக்கவாட்டையும் சேர்த்துக் கீழ்ப் படுக்கைகள் மூன்று மட்டுமே. முதல் பகுதியில் 1, 4, 7 ஆகிய எண்கள் அவை. அடுத்தடுத்த பகுதிகளிலும் எட்டு எட்டாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எட்டுப் பேரில் ஐவருக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கப் போவதில்லை என்பது பெட்டியின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டடுக்கு ஏ.சி.யில் நடுப் படுக்கை இல்லை; ஆறில் மூன்று கீழே அமையும். வசதி உள்ளவர்கள் எல்லாருக்கும் இல்லாவிட்டாலும், முதியவருக்கும் அவர் துணைக்கும் மட்டுமாவது அதை எண்ணிப் பார்க்கலாம். வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. உரிய நாளில் பதிவு செய்த ஸ்லீப்பரின் கீழ்ப் படுக்கை, கடைசி நாளில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஏ.சி.யின் மேல் படுக்கையைவிட முதியவருக்கு மேலானது. பயணச் சொகுசு பணத்தால் வருவதைவிட முன்யோசனையால் வருவதே மிகுதி.

முதியோருக்கெனக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருப்பதை நம்மில் பலர் அறிவதில்லை. 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அது உண்டு. ஆனால் அதற்கு உரியவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் செல்ல வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பச் சீட்டில் உம்மாவின் பெயரையும் சேர்த்துவிட்டால் அந்த ஒதுக்கீடு கிட்டாது. ஆகவே உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தனிச் சீட்டும், மற்றவர்களுக்கு வேறு சீட்டும் எடுப்பதே நலம். பெட்டி மாறி விழும் வாய்ப்பு உண்டு என்பது இதிலுள்ள குறை. முதல் நாளிலேயே பதிவு செய்தால் பெரும்பாலும் அருகருகே அமையும். அமையாவிட்டால், மாற்றிக்கொள்ள நம் கையில் ஒரு கீழ்ப் படுக்கையாவது இருக்கும்.

பொய்யில் தொடங்கும் பயணம்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஒதுக்கீடு கிடைக்க வேண்டுமென்று வயதைக் கூட்டிப் போடுவதும், வேறொருவர் பெயரிலுள்ள சீட்டில் ஏறிவிட்டு, கேட்டால் சமாளித்துக் கொள்ளலாம் என்பதும், டி.டி.ஆரிடம் கையூட்டுக் கொடுத்துப் படுக்கை வாங்குவதும் நம்மிடையே “சாமர்த்தியம்” என்ற பெயரில் நடக்கின்றன. அந்தப் படுக்கைக்காக வரிசையில் காத்திருந்த ஆர்.ஏ.சி. பயணி ஒருவர் பாதி இருக்கையில் அமர்ந்தபடி இரவைக் கழிக்கிறார் என்பதை நாம் காண்பதில்லை. உம்ராவுக்குப் புறப்படும் பயணத்தின் முதல் படியே இப்படி அமைந்தால், மற்றதைப் பற்றி என்ன சொல்ல?

இதற்கு நேர்வழி இல்லாமலும் இல்லை. உறுதியான சீட்டு உடையவர் போக முடியாமற் போனால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருள் ஒருவர் பெயருக்கு அதை மாற்றித் தர ரயில்வேயிலேயே ஏற்பாடு உள்ளது. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும். நேர்வழி சற்றுச் சுற்றுவழியாகத் தோன்றினாலும் நிம்மதியான உறக்கம் அதில்தான் இருக்கிறது.

மவுத்துச் செய்தியோ திடீர் நோயோ வந்தால் யாராலும் திட்டமிட இயலாது. அப்போது சக பயணியிடம் கேட்பதில் தவறில்லை. கேட்கும் முறையில் பணிவு இருக்கட்டும். மறுத்தால் மனக்கசப்பு வேண்டாம். நம்மிடம் கீழ்ப் படுக்கை இருந்து, இயலாத ஒருவர் வந்து கேட்டால், நம் வீட்டு இளைஞர்கள் முதலில் எழட்டும்.

வீட்டுப் பெண்களின் இரவு

நம் பயணங்களில் மிகக் குறைவாக உறங்குபவர் யாரென்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பிற்பகல் முழுவதும் அடுப்படியில் நின்று எல்லாருக்கும் இட்லியும் புளிச்சோறும் கட்டி, பிள்ளைகளின் உடைகளை அடுக்கி, மாமியாரின் மாத்திரைகளைத் தேடி எடுத்து, வண்டியில் பரிமாறி, இலைகளைச் சுருட்டி, கடைசியாகப் படுப்பவர் வீட்டுப் பெண்தான். பர்தாவுடன், அறிமுகமில்லாத ஆண்களுக்கு எதிரே, நடுப் படுக்கையில் புரண்டு படுக்கவும் கூசியபடி அவர் விழித்திருப்பார். சோற்றுப் பொதிகளை எளிதாக்கலாம். மாத்திரைப் பையை மகன் பொறுப்பேற்கலாம். படுக்கைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே பெண்களுக்கு உட்புறமும், நடைவழியை ஒட்டிய பக்கவாட்டுப் படுக்கைகள் ஆண்களுக்கும் என அமைத்துக்கொள்ளலாம். இவை பெரிய தியாகங்கள் அல்ல. கொஞ்சம் கவனித்தால் போதும்.

ரயில் பெட்டியும் ஓர் இரவுக்கு நம் அண்டை வீடுதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் நேரமென்று ரயில்வே வகுத்திருக்கிறது. அதற்கு மேலும் கீழ்ப் படுக்கையில் அமர்ந்து கதை பேசுவதும், கைப்பேசியில் பயானையே ஆனாலும் சத்தமாக ஒலிக்க விடுவதும் அண்டையாருக்குச் செய்யும் தொல்லையே. மூடிய ஏ.சி. பெட்டிக்குள் மணம் மிகுந்த கறிப் பொதியைப் பிரிப்பதற்கு முன்னும் ஒரு கணம் யோசிக்கலாம்.

தொழுகையும் விடியலும்

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கும் சலுகையை நாம் அறிவோம். மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆகவே அவரவர் ஊர் ஆலிமிடம் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிவது நன்று; வண்டியில் ஏறியபின் விவாதிப்பது நன்றன்று. ஒளுவுக்குத் தனியே ஒரு போத்தல் தண்ணீரும், சிறிய விரிப்பும், எளிதில் கழற்றி மாட்டும் செருப்பும் கைப்பையில் இருக்கட்டும். தெற்கிலிருந்து சென்னை நோக்கி ஓடும் வண்டியில், செல்லும் திசையைப் பார்த்து நின்றால் கிப்லா பெரும்பாலும் நம் இடப்பக்கத்தில் அமையும்; பாதை வளையும் இடங்களில் திசைகாட்டி உதவும். சுபுஹுக்கான அலாரத்தை ஒலியில் வைக்காமல் அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தால், நாம் எழுவோம். எதிரே இருப்பவர் உறங்குவார்.

வண்டி எங்கே நிற்கும் என்பதையும் முன்னரே சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எழும்பூர் நிலையத்தின் சீரமைப்புப் பணிகளால் சில வண்டிகள் சில காலம் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டதுண்டு. அதிகாலையில் இறங்கிவிட்டு, மருத்துவமனை திறக்கும்வரை முதியவரை நடைமேடை இருக்கையில் அமர்த்தி வைப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு நிலையத்தின் ஓய்வறையை இணையத்திலேயே பதிவு செய்யலாம். சக்கர நாற்காலி தேவையெனில் முன்னரே விசாரித்து வைக்கலாம். எழும்பூரில் ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோவும் இருக்கிறது.

உம்மாவின் இரண்டாவது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நாள் குறித்த அன்றே நாங்கள் நாள்காட்டியை எடுத்து எண்ணினோம். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தனிச் சீட்டு எடுத்தோம். இம்முறை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யாரைப் பற்றியும் முணுமுணுக்கவும் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டும்போது உம்மாவை எழுப்பினோம். போத்தல் தண்ணீரில் ஒளுச் செய்து, தம் படுக்கையிலேயே அமர்ந்து தொழுதார். பிறகு எங்களைப் பார்த்து, “நல்லாத் தூங்கினேன்” என்றார்.

பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை என்றால் பெரிதாக ஏதோ செய்ய வேண்டுமென்று நாம் எண்ணியிருக்கிறோம். அறுபது நாளுக்கு முன் ஒரு காலை 8 மணிக்குக் கணினி முன் அமர்வதும் அதில் சேர்ந்ததுதான். நம் பெற்றோர் ஒவ்வொருவரும் அப்படியொரு நிம்மதியான இரவைப் பெற அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.