ஓநாய்க்குத் தேநீர், தீவினனுக்குத் துப்பாக்கி

'ஸ்டீம்பங்க்' எனப்படும் நீராவிப் புனைவு வெறும் விளையாட்டு, அதில் ஆதிக்கத்தைத் தேடுவது ஆய்வாளரின் நகைச்சுவையுணர்வின்மை என்னும் கூற்றைக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்க நேர்கின்றது. இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் பகடியாக இட்ட பெயர் அது. அவ்வகையின் நகைச்சுவைக் கிளைக்குக் கெயில் கேரிகரின் 'சோல்லெஸ்' (2009) தக்க சான்று. விக்டோரிய இலண்டனில் இரத்தக்காட்டேரிகளும் ஓநாய்மனிதர்களும் சீமான்களாக உலவுகின்றனர். கதைத்தலைவி கைக்குடையால் அவர்களை எதிர்கொள்கின்றாள். மேட்டுக்குடி ஆசாரத்தை இந்நாவல் நன்றாகவே எள்ளுகின்றது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தொடரில் ஓநாய்மனிதர் பேரரசின் படைவீரராகவும் இருக்கின்றனர். அப்படை சென்று இறங்கிய கரையில் நின்றவர் யார் என்பதே என் வினா.

விக்டோரியச் சமூகம் 'மனிதரல்லாதவர்' என எவரைக் கருதியது என்பதற்கு அந்தமானே விடை. அத்தீவினரை நாய்த்தலையர் என்றது மார்க்கோ போலோவின் பயணநூல். 1890இல் வெளிவந்த கோனன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் டோங்கா என்னும் அந்தமானியன் நஞ்சு முள்ளை ஊதிக் கொல்லும் விலங்காகச் சித்திரிக்கப்படுகின்றான். சந்தைகளில் பச்சை இறைச்சி தின்னும் காட்சிப்பொருளாகிக் காசு சேர்க்கின்றான். முடிவில் தேம்ஸ் ஆற்றில் நீராவிப்படகுகள் ஒன்றையொன்று துரத்த, ஹோம்ஸும் வாட்சனும் சுட, அவன் நீரில் வீழ்கின்றான். நீராவி, வியத்தகு உயிரி, இலண்டன் மூன்றும் இங்கே உள. நகைப்பு மட்டும் இல்லை.

அந்தமானியர் வேட்டைக்குக் கொண்டது வில்லும் அம்பும், ஊதுகுழல் அன்று. அவர்கள் நரமாமிசம் உண்பவர் என்பதையும் அங்கேயே பணியாற்றிய இ. எச். மேன் 1883இலேயே மறுத்துவிட்டார். அறியாமையால் விளைந்த பிழை எனச் சமாதானம் கூறவும் இடமில்லை.

வரலாற்றிலும் நீராவிக்கப்பலே முதலில் வந்தது. 1858 மார்ச்சில் 'செமிராமிஸ்' இருநூறு கைதிகளைப் போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறக்கியது. மறு ஆண்டு மே மாதம் அபர்தீனில் வில்லேந்தி எதிர்த்த பெரிய அந்தமானியர் துப்பாக்கிக்குத் தோற்றனர். 1877இல் தட்டம்மை பரவியது. ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். பித்தளைச் சக்கரங்களையும் புகைபோக்கிகளையும் அழகுப்பொருளாக்கும் புனைவு இக்கணக்கைத் தொடுவதேயில்லை. ஓநாய்க்குத் தேநீர் ஊற்றத் தெரிந்த கற்பனைக்கு இது எட்டாத தொலைவா?

நகைச்சுவைக்கு நான் பகைவனல்லன். புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைத் தெருவுக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி அருந்த வைத்தார். அங்கு மேலிருப்பவர் கீழிறங்குகின்றார். நகைப்பின் கூர்மை மேல்நோக்கியே பாய்கின்றது. நீராவிப் புனைவிலோ காட்டேரியும் சீமான், அவரை எள்ளுபவளும் சீமாட்டி. நகைப்பு ஒரே கூடத்துக்குள் சுற்றி வருகின்றது. இதனை மாற்று வரலாறு என மகுடம் சூட்டி, தமிழ்ப் புனைவுக்கு முன்மாதிரியாகவும் பரிந்துரைக்கின்றனர் நம் ஆய்வாளர் சிலர்.

தமிழில் அத்தகைய கதை எழுதப்படட்டும். தமிழர் பலர் வாழும் அந்தமானிலிருந்தே எழுதப்படட்டும். ஓநாய்ச் சீமான் செமிராமிஸிலிருந்து தொப்பியைச் சரிசெய்தவாறு இறங்கட்டும். கரையில் நிற்பவருக்குப் பெயரும் மொழியும் இருக்கட்டும். சீமானின் வாலைக் கண்டு முதலில் சிரிப்பவரும் அவராகவே இருக்கட்டும். அம்மொழிகளுள் ஒன்றான 'போ'வை அறிந்திருந்த கடைசி மனிதர், போவா மூதாட்டி, 2010 ஜனவரியில் மறைந்தார்.