இலாபம் நிறுவனத்துக்கு, கழிவின் கட்டணம் பெண்ணுக்கா?

பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவா நகராட்சியின் குப்பையும் கொச்சி மாநகராட்சியின் குப்பையும் பிரம்மபுரம் கிடங்கில்தான் ஒன்றாகக் குவிந்தன. 2023 மார்ச் 2 அன்று அக்கிடங்கு தீப்பற்றியது. பத்து நாட்களுக்கும் மேலாக நச்சுப்புகை எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எரிந்த குவியலில் எளிதில் மக்காத நாப்கின்களும் டயாப்பர்களும் இருந்தன. அவற்றை விற்று இலாபம் ஈட்டியவர்கள் அபராதப் பட்டியலில் இல்லை.

இத்தொழிலின் வரலாறே ஒரு பாடம். அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் 1872இல் காகித நிறுவனமாகத் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது, காயங்களுக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து உறிஞ்சுபஞ்சு தயாரித்தது. அது மாதவிடாய்க்கும் உகந்தது எனக் கண்டவர்கள் போர்க்களச் செவிலியர்கள். 1920இல் அது ‘கோடெக்ஸ்’ என்ற சரக்காயிற்று. உழைக்கும் பெண்களின் கண்டுபிடிப்பு மூலதனத்தின் இலாபமாயிற்று. 1990களில் இந்துஸ்தான் லீவருடன் கூட்டுச் சேர்ந்து அந்நிறுவனம் இந்தியச் சந்தைக்குள் நுழைந்தது. இன்றைய நாப்கினிலும் மரக்கூழ் உண்டு. ஆனால், பிளாஸ்டிக் படலமும் ஈரம் உறிஞ்சும் வேதித்துகளும் அதனுடன் சேர்ந்துவிட்டன.

நாப்கின் பெண்ணின் ஆடம்பரமன்று, உரிமை. அதன்மீதான 12 சதவீத ஜிஎஸ்டி, கடும் எதிர்ப்புக்குப் பின்னரே 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. வாங்கும்போது நீங்கிய சுமை, வீசும்போது திரும்பி வந்தது. கொச்சியில் இக்கழிவை அகற்றத் தனிக்கட்டணம் வசூலிப்பது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பள்ளிகளில் இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கழிவுக்குக் கட்டணம் கேட்பது எவ்வாறு பொருந்தும் என 2024இல் நீதிமன்றம் வினவியது.

‘மாசுபடுத்துபவரே செலுத்த வேண்டும்’ என்பர் கட்டணத்தை ஆதரிப்போர். கொள்கை சரியே. மாசுபடுத்துபவர் யார்? பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தவள் பெண்ணல்லள், நிறுவனம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், மறுசுழற்சிக்குரிய பொருளைப் பயன்படுத்த வழிகாணவேண்டும், அல்லது சுற்றி வீச உறையாவது தரவேண்டும் என்றே உற்பத்தியாளரிடம் கேட்டன. 2022இன் பிளாஸ்டிக் விதிகள் பொதியுறைக்கு மட்டும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கின. பொதியுறை நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் ஊரின் பொறுப்பு! நாப்கினுக்கும் டயாப்பருக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை விரிவாக்கும் வரைவை ஒன்றிய அரசு 2024 டிசம்பரில்தான் வெளியிட்டது.

இடதுசாரிகள் நிர்வகித்த மாநகராட்சியிலும் இக்கட்டணம் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. உள்ளாட்சிகளின் நிதி நெருக்கடி உண்மை. எனினும், கட்டணச்சீட்டு தவறான முகவரிக்குச் சென்றது என்பதும் உண்மை.

மாற்றும் கண்ணெதிரே உள்ளது. எர்ணாகுளம் மாவட்டக் கும்பளங்கி ஊராட்சி, மாதவிடாய்க் கோப்பைகளை இலவசமாக வழங்கி, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லா ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கோப்பைகளை வழங்கியது பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல். 2021 டிசம்பரிலேயே அந்நிறுவனத்தை ஒன்றிய அரசு விற்பனைக்கு வைத்திருந்தது. ஏலத்தில் பங்கேற்கக் கேரள அரசுக்கு அனுமதியும் மறுத்தது.

எனவே கோரிக்கைகள் மூன்று: கழிவகற்றும் செலவை உற்பத்தியாளரிடம் வசூலித்து உள்ளாட்சிக்கு வழங்குக! வீடுகளிடம் பெறும் தனிக்கட்டணத்தைக் கைவிடுக! எச்எல்எல்-ஐப் பொதுத்துறையில் காத்திடுக! கோப்பையோ நாப்கினோ, தேர்வு பெண்ணுடையது. கழிவுக்கான கணக்கு மட்டும் நிறுவனத்தின் பேரேட்டில் ஏறட்டும்.