பேர் இல்லாத பஸ்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குள் சிவகாசி பஸ் நுழைகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, துண்டு, டிபன் கேரியர், ஒரு தடவை கைக்குழந்தை (சத்தியமாக சார்!) எல்லாம் உள்ளே விழும். சீட் போட்டாச்சு! அடித்துப் பிடித்து நாம் ஏறினால், "ஆள் வருது சார்" என்பார் ஒருத்தர். அந்த ஆள் திருத்தங்கல் தாண்டினாலும் வர மாட்டார்.

ஒரு சீட்டுக்கு இத்தனை ரகளை பார்த்து வளர்ந்தவன் என்பதால்தானோ என்னவோ, ரோசா பார்க்ஸ் கதையைப் படித்ததும் எனக்குள் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமாவில் மாண்ட்கமரி என்று ஒரு ஊர். அங்கே டவுன் பஸ்ஸில் முன்பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு, பின்பக்கம் கறுப்பர்களுக்கு. முன்பக்கம் நிரம்பிவிட்டால் பின்னால் இருப்பவர் எழுந்து இடம் தர வேண்டும். 1955 டிசம்பர் 1, சாயங்காலம். கடையில் தையல் வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ரோசா அம்மாவை டிரைவர் எழுந்திருக்கச் சொன்னார். மாட்டேன் என்றார். கைது!

அப்புறம் ஊரிலிருந்த கறுப்பர்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், காரில் நெருக்கியடித்துப் போனார்கள். அடியேன் பி.காம். என்பதால் எனக்கு உடனே தோன்றியது பஸ் கம்பெனியின் வரவு செலவுதான். பயணிகளில் பெரும்பகுதி அவர்களேதான்! காலி பஸ்ஸை ஓட்டினால் டீசலுக்குக் காசு யார் தருவது? கூடவே கோர்ட்டில் கேஸும் நடந்தது. கடைசியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, 1956 டிசம்பர் 21 முதல் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆனது. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய 26 வயசுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங். 26 வயசில் நான் வருமான வரிப் படிவத்தில் பேரைத் தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதை விடுங்கள்.

அமெரிக்காவில் நடந்ததுக்கு உச்சுக் கொட்டுவது ரொம்ப சுலபம். டிக்கெட்கூட எடுக்க வேண்டாம். நம்ம பஸ்ஸுக்கு வருவோம்.

இப்போது பெரும்பாலான ஊர்களில் ஒரே 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்'தானே? ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு பேர் உண்டு. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், நெல்லைக்குக் கட்டபொம்மன், நாகர்கோவிலுக்கு நேசமணி. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதுசாக ஒரு கழகம் தொடங்க கலைஞர் அரசு முடிவு செய்தது. வைத்த பேர், வீரன் சுந்தரலிங்கம்.

யார் அவர்? கட்டபொம்மனின் தளபதி. வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்குக்குள் பாய்ந்து அதை அழித்துத் தானும் அழிந்தவர் என்று இன்றைக்கும் தெற்கத்தி மக்கள் சொல்கிறார்கள். வெடிமருந்தில் சோறு தின்கிற மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? ஆனால் அவர் தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். தாழ்த்தப்பட்ட சாதிப் பட்டியலில் இருந்த குலம். 'அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம்' என்று எதிர்ப்புக் கிளம்பியது. ராஜா பேர் போட்ட பஸ்ஸில் ஏறலாம், அவருக்காக உயிரை விட்ட தளபதி பேர் போட்ட பஸ்ஸில் ஏறக்கூடாதாம்! மாண்ட்கமரியில் பின்சீட்டுக்காரர்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். இங்கே முன்சீட்டுக்காரர்கள்.

கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அதே வருஷம், ஒரு பேரை எடுத்தால் வம்பு என்று எல்லாப் பேரையும் எடுத்துவிட்டது! பல்லவனும் போனார், பாண்டியனும் போனார். மாவட்டப் பேர்களும் போயின. 'காமராஜர் மாவட்டம்' விருதுநகர் மாவட்டமானது இப்படித்தான்.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்கு மூடின கதவின் வலி தெரியாதா? கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டதற்காக 1899 ஜூனில் சிவகாசியில் நாடார்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. கமுதி கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-ல் அங்கேயும் நாடார்களுக்குத் தோல்வி. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில் கக்கன் இருந்தார் என்பது தெரியும். கூடவே விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் இருந்தார். (சிவகாசித் தீப்பெட்டி சண்முக நாடார் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

1997-ல் எனக்கு ஒன்பது வயசு. எங்கள் தெரு எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். திண்ணையில் சித்தப்பா பேசியதைக் கேட்டுவிட்டு, மறுநாள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம், "உங்க ஆளு பேர் போட்ட பஸ்ல நாங்க ஏற மாட்டோம்டா" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். வருஷம் பூராவும் அங்கேதான் இருந்தான். நான் போய்க் கூப்பிடவில்லை. வாத்தியாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன மாதம் அதே சிவகாசி பஸ். நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். "டேய், இங்க வா" என்று ஒரு குரல். அவன்தான்! தலையில் பாதி முடி இல்லை, அச்சாபீஸ் வேலையாம். நகர்ந்து இடம் விட்டான். காலண்டர் சீசன் பற்றி, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் பற்றி, இருவருக்கும் ஏறிவிட்ட சுகர் பற்றிப் பேசினோம். அந்த விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"ரெண்டு சிவகாசி" என்று அவனே எடுத்துவிட்டான். நான் காசை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.