எண்ணெய் இருந்தும் எஞ்சின் போனதேன்?



பந்தயக் காடிகளின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெயே தங்குவதில்லையாமே, பிறகு எப்படி அது ஓடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன் என் சொந்தக் காடியின் எஞ்சின் போன கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் தாயாருக்கு மூச்சு முட்டியது. என் பழைய காடியின் பின் இருக்கையில் அவரைப் படுக்க வைத்து, தோட்டத்து மேட்டுச் சாலையில் பட்டணத்து மருத்துவமனைக்கு விரைந்தேன். வளைவு வரும்போதெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கு பளிச்சென்று எரியும். நேர்ச்சாலைக்கு வந்ததும் அணைந்துவிடும். எங்கோ ஒயர் ஆடுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது அடியிலிருந்து 'டக டக' என்று ஒரு சத்தம். ஒரு நிமிடத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்காரர் ஒருவர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். அம்மா பிழைத்தார், எஞ்சின் பிழைக்கவில்லை.

மறுவாரம் பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரித்து, பிறை வடிவத் தகடு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதுதான் பேரிங். வழவழப்பாக இருக்க வேண்டியது, சுரண்டிச் செம்பு தெரியக் கிடந்தது.

"எண்ணெயே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார், பாதி இருந்துச்சு. பம்ப் உறிஞ்சுற எடத்துலதான் இல்ல" என்றார்.

இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துக் கற்ற பாடம் இது. எண்ணெய் பார்க்காமல் விட்டது என் குற்றம்தான், மறுக்கவில்லை.

விஷயத்துக்கு வருவோம். சாதாரணக் காடிகளில் எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டுத் தொட்டி இருக்கும். அதற்குச் சம்ப் என்று பெயர். எண்ணெய் அதில்தான் தேங்கி நிற்கும். ஒரு குழாய் அதை உறிஞ்ச, பம்ப் அதைப் பேரிங்குகளுக்கு அழுத்தி அனுப்பும். சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் உரசவிடாமல் பிரித்து வைப்பது ஓர் எண்ணெய்ப் படலம். தடிமன் எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான். தலைமயிர்கூட அதைவிடப் பல மடங்கு பருமன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பில் தொங்கும் வாளி, அவர் திரும்பும்போது தானும் சாய்ந்துகொள்வதால் பால் அவ்வளவாகச் சிந்தாது. (மோட்டார் சைக்கிளும் வளைவில் இப்படித்தான் சாய்ந்துகொள்கிறது.) அதே வாளியை லோரித் தட்டில் வைத்து வளைவில் திருப்பினால் பால் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். காடியின் சம்ப் லோரியில் வைத்த வாளி. எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சு குழாயின் வாய்க்குக் காற்றுதான் கிடைக்கிறது. அப்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது.

பந்தயத்தில் இது எவ்வளவு கடுமை என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாயும். ஃபார்முலா ஒன் காடிகள் வேக வளைவுகளில் நான்கு மடங்கும் அதற்கு மேலும் தாங்குகின்றன. நான்கு மடங்கு என்றால் சாய்வு ஏறக்குறைய 76 பாகை! எண்ணெய் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது. எஞ்சினோ நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று வையுங்கள். நொடிக்கு 150 சுற்று. ஒரே ஒரு நொடி காற்றை உறிஞ்சினால், அந்த மெல்லிய படலம் இல்லாமல் 150 சுற்று உலோகத்தோடு உலோகம் தேயும். என் காடியாவது நாலைந்து வளைவு தாங்கியது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிதான் 'டிரை சம்ப்', அதாவது உலர் தொட்டி. முழுக்க உலர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வந்து விழும் எண்ணெயைத் தேங்கவே விடுவதில்லை, அவ்வளவுதான். அடித்தட்டின் பல மூலைகளிலிருந்து பல பம்ப்கள் எண்ணெயை உடனுக்குடன் வாரி எடுக்கும். அவற்றின் கொள்ளளவு, பேரிங்குக்கு எண்ணெய் அனுப்பும் பம்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவை வாருவது வெறும் எண்ணெய் அல்ல, பாதி காற்று. கடையில் உயர்த்தி ஆற்றித் தரும் தே தாரிக்கின் மேல் நிற்குமே நுரை, அதைப் போல. நுரையைக் குடித்தால் தாகம் தீருமா? பேரிங்குக்கும் தீராது.

ஆகவே அந்த நுரை தனியாக உள்ள உயரமான, ஒடுக்கமான தொட்டிக்குப் போகிறது. உள்ளே சுவரைச் சுற்றிச் சுழன்று இறங்கும்போது காற்று பிரிந்து மேலே போக, நல்ல எண்ணெய் அடியில் தங்குகிறது. ஒடுங்கி உயர்ந்த பாத்திரமானதால் எப்படிச் சாய்ந்தாலும் அடித்துவாரத்தின் மேல் எண்ணெய் நிற்கும். அங்கிருந்துதான் அழுத்தும் பம்ப் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. அடித்தட்டு ஆழமில்லாததால் எஞ்சினையே தாழ்த்தி வைக்கலாம். காடி தரையோடு ஒட்டி ஓடும். கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அடித்துக் கலக்கிச் சக்தியை வீணாக்குவதும் குறையும். 1967 ஜூன் 4-ஆம் நாள் ஹாலந்தின் ஸான்ட்வூர்ட் பந்தயத்தில் காஸ்வர்த் டி.எஃப்.வி. என்ற எஞ்சின் முதன்முதலாக ஓடியது. உலர் தொட்டி எஞ்சின்தான். லோட்டஸ் காடியில் அதை ஓட்டிய ஜிம் கிளார்க் அந்த முதல் பந்தயத்திலேயே வென்றார். 1983 வரை அந்த எஞ்சின் குடும்பத்துக்கு 155 வெற்றிகள். நம் செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஓடிய ஃபார்முலா ஒன் காடிகளும் இதே முறைதான்.

சாலையில் ஓடும் காடிகளிலும் உண்டு. போர்ஷ 911 தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். 1972-ஆம் ஆண்டு மாடலில் எண்ணெய் ஊற்றும் வாயைக் காடியின் வெளிப்புறத்தில், கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். பெட்ரோல் நிலையத்துப் பையன்கள் அதிலே பெட்ரோலை ஊற்றத் தொடங்கினார்கள்! மறு ஆண்டே அந்த வாயை மாற்றிவிட்டார்கள். படித்தவர்கள் செய்ததாயினும் பெட்ரோல் நிலையத்தைப் பார்த்திராதவர்கள் செய்தது போலும்.

என் பழைய மாணவன் ஒருவன் தன் காடிக்கு இதைப் பொருத்தலாமா என்று கேட்டான். பம்ப், வார், குழாய், தொட்டி எல்லாம் வாங்கும் பணத்தில் இன்னொரு பழைய காடியே வாங்கலாமடா என்றேன். தண்ணீர்க் குடம் தளும்பாமல் இருக்க மேலே இலைக்கொத்துப் போடுவார்களே, அதுபோலச் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தாலே ஓரளவு போதும். நம்மைப் போன்றவர்களுக்கு அதுவும் வேண்டாம். காடியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சற்றுநேரம் பொறுத்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். வளைவில் விளக்கு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

நான் சனிக்கிழமைதோறும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த மேட்டுச் சாலையில் போகும்போது பின் இருக்கையிலிருந்து அம்மா கேட்பார்: "தம்பி, அந்தச் செவப்பு வெளக்கு எரியுதா பாரு."