பாதி நியாயம் போதாது

“பாலிசியைப் படிக்காத வியாபாரிக்குப் பின்னால் புலம்ப உரிமையில்லை” என்ற வாதம் பாதிதான் உண்மை. 2021 டிசம்பர் வெள்ளம் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவையும், செமினி அடங்கிய உலு லங்காட் மாவட்டத்தின் பல பகுதிகளையும் மூழ்கடித்தது. சாதாரணத் தீக் காப்புறுதி வெள்ளத்துக்குக் கைகொடுக்காது. கூடுதல் பிரிமியம் கட்டி அதைச் சேர்க்க வேண்டும். இதை அறியாதது வியாபாரியின் பிழையே. 2013 நிதிச் சேவைச் சட்டமும் அவரிடம் கண்டிப்பானது: சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுப்பவர் கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும், தொழிலுக்கு எடுப்பவர், முக்கியம் என்று தெரிந்தால், கேளாததையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஏஜெண்டும் வியாபாரியும் கூடிச் சதி செய்தாலன்றி, ஏஜெண்டு அறிந்ததை நிறுவனம் அறிந்ததாகவே அதே சட்டம் கொள்கிறது. கடைக்குப் பின்னால் ஆறு ஓடுவதைக் கண்ணால் பார்த்த ஏஜெண்டு படிவத்தை நிரப்பியிருக்க, “மறைத்துவிட்டார்” என்று நிறுவனம் எளிதில் கைவிரிக்க முடியாது. இருபொருள்படும் வாசகத்தையும் எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்வது நீதிமன்ற மரபு. இதனால் பிரிமியம் ஏறும் என்பார்கள்; தெளிவாக எழுதுவதற்கு என்ன செலவு? வியாபாரியும் சொன்னதை எழுத்தில் கொடுத்து நகல் வைக்கட்டும்; முழு மதிப்புக்கும் காப்புறுதி எடுக்கட்டும். 2 லட்சம் ரிங்கிட் சரக்கை 1 லட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர் 40,000 இழந்தால், விகிதாசார விதிப்படி கிடைப்பது 20,000தான்.